பச்சைக் கார், சிவப்புக் கார், நடுவில் ஒரு ஐஸ் கட்டி

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்.

பொய்.

வாங்கியது என் முதலாளி. நான் கதவைத் திறந்துவிட்டேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை... அந்தக் காருக்கு வெளியில் கைப்பிடியே கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? சந்தையில் மாடு பார்க்கிறவன் மாதிரி வெளியில் தடவிக்கொண்டே நின்றேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என் புளுகைப் படித்துப் பழகியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். இந்த வாரம் முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். சத்தியம் பண்ணச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

முதலாளி பெயர் சவரிமுத்து. காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கிறார். மீனுக்குப் போடுகிற ஐஸ். நான் அவருடைய டிரைவர் ஏழுமலை. படிப்பு மூன்றாங்கிளாஸ், அதிலும் பாதி நாள் பெஞ்ச் மேல் நின்றுகொண்டு. டிரைவர் ஆவதற்கு முன்னால் அதே ஃபேக்டரியில் ஐஸ் பார் இழுத்தேன். ஐஸ் பார் பார்த்திருக்கிறீர்களா? முக்கால் ஆள் உயரம் இருக்கும். இரும்புக் கொக்கியால் குத்தி, தரதரவென்று இழுத்து, லாரியில் ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும். எனக்கு மட்டும் விரல் மரத்துப்போய் சோறு பிசைய வராது. சம்சாரம் சரோஜா பிசைந்து ஊட்டுவாள். தெருவே கதவிடுக்கில் நின்று பார்க்கும். அந்தக் கொக்கியிடமிருந்து என்னைக் காப்பாற்றியது ஒரு ஸ்டியரிங்.

முதலாளியிடம் ஒரு பெரிய கறுப்புக் கார் உண்டு. முன்னால் நானும் அவரும். பின்னால் மீன் சாம்பிள் கூடை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கூடையை எடுத்துவிட்டு அங்கே முதலாளியம்மா பிலோமினா உட்காருவார். கூடையை எடுக்கலாம், வாசனையை எடுக்க முடியுமா? அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, பின்னாலிருந்து என்னை ஓட்டுவார். "ஏழுமல, எஞ்சின் அழுவுது பாரு, செகண்டுக்குப் போ." நான் செகண்டுக்குப் போவேன். அழுகை நின்றுவிடும். அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் எல்லாம் தெரியும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தைக் கெடுத்தது சோழவரம்.

அங்கே கார் ரேஸ் நடக்கும்போது கலர் சோடா விற்கிறவர்களுக்கு ஐஸ் எங்கள் ஃபேக்டரியிலிருந்துதான் போகும். இந்தத் தடவை முதலாளியும் ஐஸ் லாரியில் ஏறிக்கொண்டார். சும்மா காற்று வாங்க வந்தவர், ஒரு பச்சைக் கார் சீறிக்கொண்டு போவதைப் பார்த்து வாயைத் திறந்தார். திரும்பி வரும்போதும் மூடவில்லை. வழியெல்லாம் புழுதி.

விசாரித்தோம். எண்ணூரில் மெஷின் மாட்ட வந்திருந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருடைய கார் அது. நெட்டை ஆள். அவரோடு வேலை பார்க்கிற குட்டை எஞ்சினியரிடமும் அதே கார், சிவப்புக் கலரில். மாட்டின மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். இரண்டு காரும் விலைக்கு. ஆனால் ஒன்றைத்தான் வாங்க முடியும். எங்கள் முதலாளி விற்பது ஐஸ், வைரம் இல்லை.

எதை வாங்குவது?

வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட்தான் வித்தியாசம். பானெட்டைத் திறந்தால்தான் சங்கதி. எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுகிற கார்பரேட்டர் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு இரண்டு. சிவப்பே நம் ஊர் கார்களை எல்லாம் ஓரம் கட்டிவிடும். பச்சை அந்தச் சிவப்பையும் ஓரம் கட்டும். அதற்காக நெட்டை எஞ்சினியர் அதைப் பட்டினி போட்டு இளைக்க வைத்திருந்தார். ஸ்பேர் வீலைக் கழற்றிவிட்டார். ஹீட்டர் போச்சு. கால் வைக்கிற இடத்தில் மேட் இல்லை, மேட்டுக்கு அடியில் இருக்கிற கம்பளியும் இல்லை. வெறும் தகரம்.

இந்தத் தகரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் எஞ்சினைப் பார்த்தார்கள். நான் சீட்டைப் பார்த்தேன். இரண்டே சீட்டு. பின்னால் ஒரு பூனை உட்கார்ந்தால்கூட வாலை வெளியே விட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். சிவப்பின் கிளட்ச் வெண்ணெய் மாதிரி. முதலாளியிடம் லைசென்ஸ் இருக்கிறது. எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. சிவப்பை வாங்கினால் அவரே ஓட்டுவார். பக்கத்தில் அம்மா. கறுப்புக் காரை விற்றுவிடுவார். ஏழுமலை? மறுபடியும் கொக்கி.

பச்சையின் கிளட்ச் கருங்கல். முதலாளி ஒரு காலால் மிதித்துப் பார்த்தார், இறங்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தார். கிளட்ச் அங்கேயே இருந்தது, முதலாளிதான் சீட்டிலிருந்து மேலே போனார். ஆக, பச்சை என்றால் டிரைவர் வேண்டும். நான் ஓட்டுவேன், முதலாளி பக்கத்தில் உட்காருவார். அம்மாவுக்கு இடம்? அது புருஷன் பெண்டாட்டி விவகாரம், நான் ஏன் தலையிட வேண்டும்?

அன்றிலிருந்து பச்சைக்கு நான்தான் வக்கீல்.

"ரெண்டு கார்பரேட்டர் மொதலாளி. ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு கீது. ஆண்டவன் நமக்கு ரெண்டு கண்ணு குட்க்கல?"

முதலாளி யோசித்தார். "அப்ப ரெண்டுத்துக்கும் பெட்ரோல் ஊத்தணுமே?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாரம் மனிதர் பட்ட பாடு... காலையில் சிவப்பு என்பார், மத்தியானம் பச்சை என்பார், மீன் ஏலத்தில் நின்றுகொண்டு வஞ்சிரத்தைப் பார்த்து "இது செவப்பா, பச்சையா" என்று கேட்பார். கடைசியில் சனிக்கிழமை தீர்ப்பு சொன்னார்.

"வண்டின்னா இன்னாடா? ஏத்துன சாமான் கெடாம கொண்டாந்து சேக்கணும். நம்ம சாமான் ஐஸு. ரெண்டுலயும் ஐஸ் ஏத்து. எண்ணூர்லேர்ந்து ஃபேக்டரிக்கு ஓட்டு. எதுல கம்மியா கரைஞ்சி வருதோ, அதான் நம்ம வண்டி."

சிரிக்காதீர்கள். ஐஸ்காரனுக்குக் கடிகாரம் எதற்கு? லாரி டிரைவர் வழியில் டீ குடித்தானா, மேட்னி ஷோ பார்த்தானா என்று இறங்குகிற ஐஸைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் எங்கள் ஆட்கள். ஐஸ் இறக்க லாரியோடு போன காலத்தில் அப்படி நானே மாட்டிக்கொண்டது எத்தனையோ தடவை. அதனால் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வேகமாக வருகிற வண்டியில்தானே கம்மியாகக் கரையும்? பச்சைதானே வேகம்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃபேக்டரியில் எடை போடுகிற பாஷா பாய் இரண்டு துண்டு ஐஸை ஒரே எடையாக வெட்டி, சாக்கில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார். கறுப்புக் காரில் ஏற்றிக்கொண்டு எண்ணூர் போனோம். ஆளுக்கொரு துண்டு, பக்கத்து சீட்டில் கால் வைக்கிற இடத்தில். பச்சையில் நான், சிவப்பில் முதலாளி. எஞ்சினியர்கள் இரண்டு பேரும் கேட்டருகே நின்று பார்த்தார்கள். குட்டை ஏதோ கேட்டார். நெட்டை தோளைக் குலுக்கினார். இந்த ஊரில் என்ன நடந்தாலும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தார் போல.

கிளம்பினேன். அடேயப்பா... இரண்டு கார்பரேட்டரும் சேர்ந்து மூச்சு வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும், வயிறு எண்ணூரிலேயே நின்றுவிடும். ஹார்பர் லாரிகள் நிற்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் விசில் அடித்தார்கள். கண்ணாடியில் சிவப்பு ஒரு புள்ளி ஆனது, அப்புறம் புள்ளியும் இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றேன்.

நின்ற பிறகுதான் காதில் விழுந்தது... இடது பக்கம் ஏதோ 'ஸ்ஸ்ஸ்' என்கிறது. குனிந்து பார்த்தால் சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகி, தகரத்தில் பட்டு, ஆவியாக மேலே வருகிறது. அந்தத் தகரத்துக்கு நேர் கீழேதான் சைலன்சர் குழாய் ஓடுகிறது! தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அதே சத்தம். கல்லின் மேல் என் ஐஸ். என் உத்தியோகம்.

கூட்டம் கூடிவிட்டது. கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு வேறு வேலை? மாங்காய் விற்கிற ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். ஈரச் சாக்கு, கயிற்றுக் கட்டு, சுற்றிலும் புகை, பக்கத்தில் திருதிருவென்று ஒருத்தன். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

"மூட்டையில இன்னாய்யா?"

"ஐஸும்மா."

"ஐஸை எதுக்குக் காருல குந்தவச்சி இட்டுகினு போற? அதுக்கு ஒடம்பு செரியில்லியா?"

பதில் யோசிப்பதற்குள் டீக்கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். நெருப்பு என்று நினைத்துவிட்டார், பாவம். நல்ல மனசோடு வீசினார். கூரையில்லாத கார். பாதி என் தலையில். கேட் திறந்தது. சொட்டச் சொட்ட அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன்.

ஃபேக்டரிக்கு நான்தான் முதலில் வந்தேன். பாஷா பாய் சாக்கைப் பிரித்து, தூக்குவதற்கு இரண்டு கையையும் நீட்டினார். ஒரு கையே போதுமாக இருந்தது.

"இன்னா மாமு, வழியெல்லாம் நக்கிகினே வந்தியா?"

இரண்டு பேரும் டீ குடித்தோம். சிவப்பைக் காணோம். இன்னொரு டீயும் குடித்தோம். அப்புறம்தான் சிவப்பு வந்தது, கல்யாண ஊர்வலம் மாதிரி. முதலாளி காம்பவுண்டுக்குள் நுழைந்து, என்ன நினைத்தாரோ, முன்னும் பின்னும் அசைத்து அசைத்து ரிவர்ஸ் எடுத்து, காரின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். இறங்கினார். சட்டையெல்லாம் வியர்வை, முகமெல்லாம் பல்.

சிவப்பின் சாக்கைப் பிரித்தார் பாய். ஐஸ் அப்படியே இருந்தது. ஓரம் மட்டும் லேசாக மழுங்கியிருந்தது. கீழே மேட், மேட்டுக்கு அடியில் கம்பளி. சூடு எப்படி ஏறும்? தராசில் வைத்தே பார்க்க வேண்டியதில்லை. இருந்தாலும் முதலாளி வைக்கச் சொன்னார். வைத்தோம். தராசுத் தட்டு டங்கென்று இறங்கியது.

"செவப்பு," என்றார். "நானே ஓட்டிக்குவேன். இவ்ளோ தூரம் ஓட்டியாந்தனா இல்லியா? ஏழுமல, நாளைக்குக் காலையில பாய்கிட்ட போயி நில்லு. வேலை இல்லாம உட மாட்டேன், பயப்படாத."

நல்ல மனிதர். திட்டியிருந்தால் தேவலாம்.

பாய் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே என் பழைய கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. கை வழுக்காமலிருக்க நான் சுற்றிய துணி இன்னும் அதில் இருந்தது. விரல் நுனியெல்லாம் தானாகச் சில்லென்று ஆனது. ஏதாவது தமாஷாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... வரவில்லை. எனக்கே புதுசாக இருந்தது.

அப்போது வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. முதலாளியம்மா. பூசை முடிந்து நேராக வருகிறார். தலையில் முக்காடு, கையில் கோயில் தீர்த்தம் நிரப்பிய பாட்டில். வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும், சைக்கிளாகவே இருந்தாலும், நாலு பக்கமும் தீர்த்தம் தெளிக்காமல் அம்மா அதைத் தொட விட மாட்டார்.

சிவப்பு என்று முடிவாகிவிட்டதைக் கேட்டார். பானெட் மேல் தெளித்தார், ஜெபம் சொன்னார். இடது பக்கம் தெளித்தார். வலது பக்கம் தெளித்தார். பின்பக்கம் வந்தார். சுவர்.

"முன்னாடி எடுங்க. பின்னால தெளிக்கணும்."

"மூணு பக்கம் போதும் பிலோமினா."

"போதுமா? பின்னாடி வந்து இடிக்கிறவன் இடிக்கட்டுமா?" அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆனதிலேர்ந்து நீங்க ரிவர்ஸ் போட்டு நான் பாத்ததில்லியே. ஏழுமல, வண்டிய முன்னாடி எடு."

முதலாளி என்னிடம் கண்ணால் ஏதோ சொன்னார். நான் மூன்றாங்கிளாஸ். கண்ணில் எழுதினால் எனக்குப் படிக்கத் தெரியாது. வண்டியை எடுத்தேன்.

வண்டி முன்னால் வந்தது. அதன் பின்னால் ஒரு வலை வந்தது. மீன் பிடிக்கிற வலை. வந்தது... வந்துகொண்டே இருந்தது. பம்பரில் சிக்கி, சுவருக்கும் டிக்கிக்கும் நடுவில் திணித்துக் கிடந்த வலை, அம்மா காலடி வரை நீண்டது. உள்ளே ஒரு ஒற்றைச் செருப்பு, ஒரு பனை விசிறி, ஒரு கருவாட்டுக் கூடை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் சைக்கிளில் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"மொதலாளி, வலைய குட்த்தீங்கன்னா நான் பாட்டுக்குப் பூடுவேன். திருவொத்தியூர்ல ரோட்டோரம் காய வச்சிருந்தேன். அங்கேர்ந்து கத்திகினே வரேன், கையக் கையக் காட்டறேன். நீங்க இன்னாடான்னா திரும்பிக் கை ஆட்டிகினே போறீங்க."

முதலாளி தலையைத் தொங்கப் போட்டார். "புது வண்டிய பாத்து எல்லாம் சந்தோசமா கை ஆட்டறாங்கன்னு நெனச்சேன்." தெரு முனையில் திரும்பும்போதுதான் வலை கண்ணில் பட்டதாம். அவசரமாகச் சுருட்டி பம்பருக்கு அடியில் செருகிவிட்டு வந்திருக்கிறார், அதை மறைக்கத்தான் அந்த ரிவர்ஸ்.

கிழிந்த இடத்தைச் சரி பண்ணிக் கொடுப்பதாக அம்மா அந்த ஆளிடம் சொல்லி, டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அப்புறம் மெதுவாகப் பச்சைப் பக்கம் நடந்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார். உள்ளே குனிந்து பெடல்களைப் பார்த்தார்.

"மொதல்ல வந்தது எது பாய்?"

"இதான்மா. இது வந்தப்புறம் நான் ரெண்டு டீ குடிச்சி, கிளாஸையும் கழுவி வச்சிட்டேன்."

"அப்ப இத எடுங்க."

முதலாளி பதறிப்போனார். "அதுல ஐஸ் கரைஞ்சிட்ச்சிடி."

"நான் இன்னா ஐஸா?"

முதலாளி தராசில் இருந்த ஐஸைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"சரி, யாரு ஓட்டறது?" என்றார் ஈனக்குரலில்.

"நான்தான். ஏழுமல சொல்லிக் குடுப்பான். எத்தினி வருசம் மீன் கூடை எடத்துல குந்திகினு வந்தேன்? கறுப்புக் காரு இருக்கட்டும். ஏழுமல, தெனம் காலையில அதுல இவர ஏலத்துக்கு இட்டுகினு போ. ஸ்டியரிங்க தொட்டாருன்னா வந்து எங்கிட்ட சொல்லு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பானெட்டில் இருந்த ஒரு தூசியை ரொம்ப அக்கறையாகத் துடைத்தேன்.

கருங்கல் கிளட்ச்? அம்மா ஏறி உட்கார்ந்து மிதித்தார். சமர்த்தாக இறங்கியது. வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதித்த கால். நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை.

இப்படித்தான் பச்சை எங்கள் வீட்டுக்கு வந்தது. கொக்கி சுவரிலேயே இருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேன். உண்மையாகவே. ஒரே ஒரு சின்ன விஷயம்... சொல்லிக் கொடுக்கிறவன் எங்கே உட்கார வேண்டும்? பக்கத்து சீட்டில். காலை எங்கே வைக்க வேண்டும்? அந்தத் தகரத்தின் மேல்.

முதல் நாள் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் செருப்பு இளகிவிட்டது. பாஷா பாய்தான் யோசனை சொன்னார்: ஒரு சாக்கை நன்றாக நனைத்துக் காலுக்குக் கீழே போட்டுக்கொள் மாமு, ஐஸுக்குப் பண்ணினதுதானே.

ராயபுரத்தில் டீக்கடைக்கு டீக்கடை என்னைக் கேட்கிறார்கள். ஒரு கார்பரேட்டரா, இரண்டு கார்பரேட்டரா, எது நல்ல வண்டி? வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பார்க்கிறார்கள், கலரைப் பார்க்கிறார்கள். அதில் தான் உட்காரப்போகிற சீட்டு எது என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் வெந்துகொண்டிருக்கிறேன்.

நேற்றுப் பாருங்கள், எண்ணூர் ரோட்டில் பாடம். ஆள் நடமாட்டம் கம்மி. கிளட்ச்சை மெதுவாக விடுங்கம்மா, ரொம்ப மெதுவாக என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மெதுவாகத்தான் விட்டார். எதிரில் ஒரு எருமை நடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. எருமை எங்களைப் பார்த்தது. நாங்கள் எருமையைப் பார்த்தோம். அம்மா ஹார்ன் அடிப்பதாக நினைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை—

வாசலில் ஹார்ன். இது நிஜ ஹார்ன்தான்.

"ஏழுமல, சாக்க நனைச்சிட்டியா?"

எருமை சௌக்கியம். என் சாக்குதான் காய்ந்து கிடக்கிறது... வரேம்மா!